கோட்டுக்குள் இருந்தவர்

டோர்ன்புல்ட் ஊரில் வெள்ளைக்காரன் ஒருவன் நடுத்தெருவில் கொலை செய்தாலும் கறுப்பரான ஃபிலேமோன் ராமோடிபே அவனைக் கைது செய்ய முடியாது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "பாஸ், ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் வர்ற வரைக்கும் கொஞ்சம் இங்கேயே இருக்கீங்களா?" என்று கேட்கலாம். பாஸுக்கு மனமிருந்தால் இருப்பார். இப்படி ஒரு உத்தியோகத்துக்குத் துப்பறியும் கான்ஸ்டபிள் என்று பெயர் வைத்து, இருபத்து மூன்று வருடம் சம்பளமும் கொடுத்துக்கொண்டிருந்தது அந்த அரசாங்கம்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. அவருடைய மேலதிகாரி சார்ஜெண்ட் க்ரோப்லருக்கு இருபத்தொன்பது. க்ரோப்லர் அவரைப் பையா என்று கூப்பிடுவான். அவர் க்ரோப்லரை பாஸ் என்று கூப்பிடுவார். ஸ்டேஷனில் அவருக்கு நாற்காலி கிடையாது. மண்ணெண்ணெய் வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, மடியில் பலகையை வைத்து அறிக்கை எழுதுவார். அச்சடித்தது போன்ற கையெழுத்து. க்ரோப்லர் அதை எழுத்துக்கு எழுத்து காப்பியடித்து, அடியில் தன் பெயரைப் போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவான். மாட்டுத் திருட்டு ஏழு, வீடு புகுந்து எடுத்தது பதினொன்று, கள்ளக் கையெழுத்து ஒன்று, எல்லாவற்றையும் துப்புத் துலக்கிய மேதை க்ரோப்லர்தான் என்று கோப்புகள் சொல்லும். அந்த மேதை தன் கார் சாவியையே பெண்டாட்டியைக் கேட்டுத்தான் கண்டுபிடிப்பான்.

ஊருக்கு வெளியே, கறுப்பர்களை ஒதுக்கி வைத்திருந்த லொகேஷனில் ஃபிலேமோனுக்கு மரியாதை இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அவர் சைக்கிள் தெருமுனையில் திரும்பினாலே பேச்சு நின்றுவிடும். கறுப்பர்கள் எங்கே போனாலும் காட்ட வேண்டிய அடையாளப் புத்தகத்தில் அந்த மாத முதலாளி கையெழுத்து இல்லாதவன் கொல்லைப்புறமாக ஓடுவான். தேவாலயத்தில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் இடம் எப்போதும் தாராளமாகக் கிடைக்கும். இருபுறமும் காறித் துப்பப்பட்ட மனிதர் அவர். பதிலுக்கு அவரும் இருபுறமும் மனசுக்குள் துப்பிக்கொண்டுதான் இருந்தார்.

1958-ம் வருடம், மே மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. ஊர் வெள்ளைக்காரர்கள் ஃபனி மாமா என்று அழைக்கும் கிழட்டுக் கடைக்காரர் ப்ரிட்ஸ், கடையை ஒட்டிய தன் வீட்டில் மண்டை உடைந்து கிடப்பதாக அவருடைய அண்ணன் மகன் கோபஸ் க்ரோப்லரின் வீட்டுக்குப் போன் செய்தான். க்ரோப்லர் ஜீப்பில் பறந்தான். ஃபிலேமோன் பின்னால் உட்கார்ந்து போனார்.

கிழவர் சாப்பாட்டு மேஜைக்குக் கீழே கிடந்தார். பக்கத்தில் கடை எடைக்கல். மேஜை மேல் நீலப்பூ போட்ட பீங்கான் கோப்பைகள் இரண்டு, சாசர்கள் இரண்டு, ஒரு தட்டில் காபியில் தோய்த்துத் தின்கிற காய்ந்த ரொட்டி. க்ரோப்லர் பிணத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான். அப்புறம் சேவல் மாதிரி நெஞ்சை நிமிர்த்தினான்.

"கறுப்பன் வேலை. சந்தேகமே இல்ல. பையா, அந்தக் கப்பையெல்லாம் கழுவிட்டு எல்லாருக்கும் காபி போடு."

ஃபிலேமோன் நகரவில்லை. "பாஸ், மேஜையில ரெண்டு கப்பு இருக்கு."

"எனக்கும் கண்ணு இருக்கு."

"ரெண்டுலயும் காபி குடிச்சிருக்கு பாஸ்."

"கெழவர் ரெண்டு கப்பு குடிச்சிருப்பார். உனக்கென்ன வலிக்குது? கழுவுன்னா கழுவு."

ஃபனி மாமா வீட்டில் கறுப்பருக்குக் காபி கொடுப்பது பின்வாசலில், கம்பி மாட்டிய ஜாம் டப்பாவில். அந்த டப்பா கொல்லை ஆணியில் தொங்கும். நாற்பது வருடம் அங்கே வேலை பார்த்த சமையல்காரிகூட அந்த நீலப்பூக் கோப்பையைக் கழுவியிருப்பாளே தவிர, உதட்டில் வைத்திருக்க மாட்டாள். அன்றைக்குக் கிழவரோடு எதிரெதிராக உட்கார்ந்து காபி குடித்தவன் வெள்ளைக்காரன். இது ஊரில் எந்தக் கறுப்புப் பிள்ளைக்கும் தெரியும். க்ரோப்லருக்குத் தெரியாது. ஏனென்றால் அவன் வீட்டில் வேலைக்காரி எதில் குடிக்கிறாள் என்று அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

சமையலறைத் தொட்டியில் ஃபிலேமோன் கோப்பையை மெதுவாகத் தண்ணீரில் வைத்தார். தடயத்தைத் தன் கையாலேயே கழுவிக்கொண்டிருந்தார். அப்போது கோபஸ் உள்ளே வந்தான். கண் சிவந்திருந்தது, கையில் கைக்குட்டை. பதினைந்து வருடமாக அந்தக் கடை தன் கைக்கு வரும் என்று காத்துக்கொண்டிருந்தவன். நின்று பார்த்தான். பிறகு ஆணியில் தொங்கிய துணியை எடுத்து, ஃபிலேமோன் கழுவி வைத்த கோப்பையை வாங்கித் துடைக்க ஆரம்பித்தான். உள்ளே, வெளியே, காதுப் பிடியில், அடியில்.

ஃபிலேமோன் அடுத்த கோப்பையை எடுக்க மறந்தார். பிறந்ததிலிருந்து அந்த நாட்டில் வாழ்கிறவர். வெள்ளைக்காரன் மாடு அறுப்பதைப் பார்த்திருக்கிறார், மனிதனைச் சவுக்கால் அடிப்பதைப் பார்த்திருக்கிறார், குடித்துவிட்டுச் சாக்கடையில் படுத்திருப்பதையும் பார்த்திருக்கிறார். கறுப்பன் கழுவிய பாத்திரத்தைப் பக்கத்தில் நின்று துடைத்த வெள்ளைக்காரனை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"நான் பாத்துக்கறேன் பாஸ்," என்றார்.

"பரவாயில்ல, பரவாயில்ல. உனக்கும் வேலை இருக்கும்ல," என்றான் கோபஸ். அத்தனை பணிவு! கொலைகாரன் யாரென்று ஃபிலேமோனுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பயன்? ஒரு கறுப்புக் கான்ஸ்டபிள் போய், "இந்த வெள்ளைக்காரர் கப்பைத் துடைத்தார், அதனால் இவர்தான் கொலைகாரர்," என்று சொன்னால் அடுத்த நாளே வேலை போகும், அதற்கடுத்த நாள் அவரே உள்ளே போவார்.

மறுநாள் ஞாயிறு. தபால் அலுவலக அம்மாள் ஹெட்டி ஓஸ்தேசன் ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் கொடுத்தாள். சனிக்கிழமை நாலரை மணிக்குத் தன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாளாம். பழுப்புக் கோட்டுப் போட்ட கறுப்பன் ஒருவன் ஃபனி மாமாவின் கொல்லைக் கதவிலிருந்து பேய் அடித்தவன் போல ஓடினானாம். மதியத்துக்குள் ஒபெத் மாஷிலேயை இழுத்து வந்தார்கள். கடையில் மூட்டை தூக்குகிறவன், முப்பது வயது, ஒட்டடைக்கம்பு மாதிரி உயரம். பழுப்புக் கோட்டு உடம்பில்தான் இருந்தது. அடையாளப் புத்தகத்தில் அந்த மாதக் கையெழுத்து இல்லை.

ஃபிலேமோன் அறைக் கம்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "ஓடுனியா?"

"ஓடுனேன்," என்றான் ஒபெத். "புத்தகத்துல கையெழுத்து வாங்கலாம்னு போனேன். பின்கதவு திறந்து கெடந்துச்சு. எட்டிப் பாத்தா கெழவன் செத்துக் கெடக்கான். அங்க நின்னு ஜெபம் பண்ணணுமா? நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"ஓடியிருப்பேன்."

"நீ எதுக்கு ஓடணும்? நீ அவங்க வளத்த நாயாச்சே. அவங்க வாசல்லயே படுத்துக்குவ."

ஒபெத் சொல்வது உண்மை என்று ஃபிலேமோனுக்குத் தெரியும், அந்தக் கடைசி வரி உட்பட.

திங்கட்கிழமை காலை க்ரோப்லரிடம் இன்னொரு முறை முயன்று பார்த்தார். ஒபெத் குற்றவாளியாக இருந்தால் வீட்டுக்குப் போய் அதே கோட்டோடு உட்கார்ந்திருப்பானா என்று சுற்றி வளைத்துக் கேட்டார்.

"அவனுங்களுக்கு மூளை இருந்தா ஏன் அப்படிப் பண்ணப் போறானுங்க?" என்றான் க்ரோப்லர். "நாளைக்கு லெப்டினன்ட் வர்றார். அடையாள அணிவகுப்பு. அந்தம்மா கை காட்டுனா வேலை முடிஞ்சுது. ப்ரிட்டோரியா ஜெயில்ல தூக்குக் கயிறு ரெடியா இருக்கு."

அன்று மாலை சோளக்களியும் கீரையும் முன்னால் வைத்துவிட்டு மனைவி செலினா அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அந்த மூட்டை தூக்குறவனுக்காக ஏதோ பண்ணப் போறீங்க. எனக்குத் தெரியும்."

"ஒண்ணுமில்ல. சாப்பிடு."

"அவன் போன வருஷம் நம்ம வீட்டுக் கதவுல சாணி அடிச்ச கூட்டத்துல நின்னவன். ரெண்டு வருஷம் வாய மூடிக்கிட்டு இருங்க, பென்ஷன் வந்துரும். அவன் செத்தா அவன் தலையெழுத்து."

"அவன் செத்தா என் கையெழுத்து, செலினா," என்றார் ஃபிலேமோன். "அறிக்கைய நான்தான எழுதணும்." செலினா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர் தின்றது கொஞ்சம்தான்.

செவ்வாய்க்கிழமை லெப்டினன்ட் தெரோன் நகரத்திலிருந்து வந்தார். நரைத்த மீசை, தூங்கி வழியும் கண். ஆனால் காகிதம் என்று வந்தால் பேயாகிவிடுவார். படிவம் எண் போட்டிருக்க வேண்டும், மூன்று பிரதி, சாட்சி கை காட்டிய அந்த நிமிடமே எழுதிக் கையெழுத்து. வரிசையில் எட்டுப் பேர் நிற்க வேண்டும். சிறையில் ஒபெத்தையும் சேர்த்து ஏழு பேர்தான் இருந்தார்கள்.

"பையா, நீயும் போய் நில்லு," என்றான் க்ரோப்லர்.

ஆள் குறைந்தால் எப்போதும் அதுதான் வழக்கம். ஃபிலேமோன் அதை எதிர்பார்த்துத்தான் அன்று காலையிலிருந்தே காத்திருந்தார். கொல்லை முற்றத்துக்குப் போனார். க்ரோப்லர் வாசலில் லெப்டினன்டிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"ஒபெத், கோட்டக் கழட்டு. எனக்குக் குளிருது."

ஒபெத் அவரை மேலும் கீழும் பார்த்தான். "யோவ், தூக்குல தொங்கப் போறவன்கிட்ட கோட்டயுமா புடுங்குவ? உனக்கெல்லாம் சாவே வராதா?"

"வாய மூடிட்டுக் கழட்டு. என்னோடத நீ போட்டுக்க. கேள்வி கேக்காத."

பழுப்புக் கோட்டு ஃபிலேமோனின் தொப்பையில் பொத்தான் போடவே மறுத்தது. கை விரல் நுனிவரை தொங்கியது. அவருடைய சாம்பல் நிறக் கோட்டு ஒபெத்துக்கு முழங்கைவரைதான் எட்டியது. ஒட்டடைக்கம்பு ஒன்று, பூசணிக்காய் ஒன்று. ஒருவனுக்குக் கரும் முடி, ஒருவருக்கு நரைத் தாடி. க்ரோப்லர் உள்ளே வந்து வரிசையை எண்ணினான். எட்டு. திருப்தியோடு தலையாட்டினான்.

ஓஸ்தேசன் அம்மாள் வந்தாள். சாட்சி ஆளின் தோளைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்பது விதி. கறுப்பனைத் தொடுவதாவது! அதற்காகவே குடை கொண்டு வந்திருந்தாள். அவளுடைய தபால் அலுவலகத்தில் வெள்ளையருக்கு ஒரு முன்கூடம். மற்றவர்களுக்குப் பக்கச் சுவரில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை நெஞ்சு உயரத்தில் இருந்தது. பதினோரு வருடமாக அதன் வழியாக அவள் பார்த்ததெல்லாம் கோட்டுகளும் பொத்தான்களும் நீட்டிய கைகளும்தான். ஸ்டேஷன் தபாலை வாங்க அந்த ஓட்டைக்கு முன்னால் தினமும் காலை பத்து மணிக்கு நின்றவர் ஃபிலேமோன்.

அவள் வரிசை நெடுக நடந்தாள். ஒபெத்தைத் தாண்டினாள், நிற்கக்கூட இல்லை. ஃபிலேமோனுக்கு முன்னால் நின்று குடையின் நுனியால் அவர் தோளில் குத்தினாள்.

"இவன்தான். இந்த மூஞ்சிய நான் செத்தாலும் மறக்க மாட்டேன்."

க்ரோப்லரின் வாயில் ஈ புகுந்தாலும் தெரிந்திருக்காது. லெப்டினன்ட் தெரோன் பேனாவின் மூடியைக் கழற்றி எழுத ஆரம்பித்திருந்தார்.

"அம்மா, அது நம்ம ஆளு!" என்றான் க்ரோப்லர். "எங்க கான்ஸ்டபிள்! தெனமும் உங்ககிட்ட வந்து தபால் வாங்குறவன்!"

"அந்தப் பையனா?" ஓஸ்தேசன் அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் மூஞ்சிய யாரு பாத்தா?"

லெப்டினன்டின் மீசை கொஞ்சம் ஆடியது. சிரித்தாரா என்று சொல்ல முடியாது. "இப்பத்தான் செத்தாலும் மறக்க மாட்டேன்னீங்க அம்மா. எழுதிட்டேன். இங்க கையெழுத்துப் போடுங்க."

"அவனுங்க கோட்ட மாத்திக்கிட்டானுங்க சார்!" க்ரோப்லர் இப்போதுதான் கண்டுபிடித்தான். "மறுபடி நிக்க வைக்கலாம்!"

"படிவத்துக்கு நம்பர் போட்டிருக்கு க்ரோப்லர். கிழிச்சா மூணு பேருக்கு நான் விளக்கம் எழுதணும். வரிசைய எண்ணிப் பாத்தது நீங்கதான?"

அதுவரை எல்லாம் ஃபிலேமோன் போட்ட கணக்குப்படிதான் நடந்தது. உள்ளுக்குள் அவர் கூத்தாடிக்கொண்டிருந்தார். ஒபெத்தின் கழுத்து தப்பிவிட்டது, அதுவும் இவர்களுடைய திமிராலேயே தப்பிவிட்டது. அப்போது லெப்டினன்ட் அவர் பக்கம் திரும்பினார்.

"இப்ப கைகாட்டப்பட்டவன் நீ. சனிக்கிழமை நாலு மணியிலேர்ந்து அஞ்சு வரைக்கும் எங்க இருந்த?"

"சார்ஜெண்ட் பாஸ் வீட்டுத் தோட்டத்துல சார். பாஸோட மச்சான் நிச்சயதார்த்தம். ரெண்டு மணியிலேர்ந்து போன் வர்ற வரைக்கும் நான்தான் அடுப்புக்கிட்ட நின்னு கறி சுட்டேன்." துப்பறியும் கான்ஸ்டபிளுக்குச் சனிக்கிழமைகளில் அதுவும் வேலை.

"யாரு பாத்தா? வெள்ளைக்காரங்க யாராவது?"

"முப்பது பேர் இருந்தாங்க சார். சார்ஜெண்ட் பாஸே ஆறு தடவை என் கையிலேர்ந்து தட்டு வாங்குனாங்க."

லெப்டினன்ட் க்ரோப்லரைப் பார்த்தார். க்ரோப்லர் ஃபிலேமோனைப் பார்த்தான். அவன் நெற்றி சுருங்கியது. யோசிக்கிறான் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. கறி நினைவுக்கு வந்தது, தட்டு வந்தது, வெள்ளை ஏப்ரன் வந்தது, நீண்ட முள்கரண்டி வந்தது. அதைப் பிடித்திருந்தவன் மட்டும் வரவில்லை.

"அது... அது எங்க வீட்டு வேலைக்காரன் ஜோயல் இல்ல?" என்றான்.

"ஜோயல் அம்மாவ அடக்கம் பண்ண ஊருக்குப் போயிருக்கான் பாஸ். வெள்ளிக்கிழமையே போயிட்டான்."

"அப்படியா?" என்றான் க்ரோப்லர்.

இருபத்து மூன்று வருட அனுபவத்தில் எல்லாவற்றையும் எடை போட்ட ஃபிலேமோன், இந்த ஒன்றை மறந்துபோனார். ஓஸ்தேசன் அம்மாள் தன்னைப் பார்த்ததே இல்லை என்பதை நம்பி வரிசையில் நின்றார். க்ரோப்லர் மட்டும் தன்னைப் பார்த்திருப்பான் என்று எதை வைத்து நம்பினார்? இவனுக்காக எழுதிக் கொடுத்த அத்தனை அறிக்கைகளை வைத்தா? இந்த மடையனின் கண்ணில் தன் கழுத்தைக் கொண்டுபோய் அடகு வைத்துவிட்டோமே என்று தன்னையே கேவலமாகத் திட்டிக்கொண்டார். வரிசையில் நின்ற ஒபெத் முதல் முறையாக அவரைக் கூர்ந்து பார்த்தான். கோட்டை ஏன் கேட்டார் என்று அவனுக்கு இப்போது புரிந்திருந்தது. வாயைத் திறக்கப் போனான். ஃபிலேமோன் கண்ணாலேயே அதட்டினார்.

"முடிவு பண்ணுங்க க்ரோப்லர்," என்றார் லெப்டினன்ட், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. "உங்ககூட இருந்தான்னு எழுதிக் குடுங்க. இல்லேன்னா உங்க கான்ஸ்டபிளே ஒரு வெள்ளைக்காரரக் கொன்னான்னு விலங்கு போட்டுக் கூட்டிட்டுப் போறேன். நாளைக்குப் பேப்பர்ல உங்க ஸ்டேஷன் பேர் வரும், உங்க பேரும் வரும். ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்."

க்ரோப்லர் தன் பெயர் பேப்பரில் வருவதை நினைத்துப் பார்த்தான். அது மட்டும் உடனே கண்முன் வந்துவிட்டது போலும். பேனாவைப் பிடுங்கி எழுதினான். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி முதல் மாலை ஆறு வரை மேற்படி கான்ஸ்டபிள் என் கண்ணெதிரிலேயே இருந்தார். கையெழுத்து. மூன்று பிரதி.

ஒபெத்தின் மேல் இருந்த கொலை வழக்கு அன்று மதியமே விழுந்தது. அடையாளப் புத்தகத்தில் கையெழுத்து இல்லாத குற்றம் மட்டும் விழவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய முதலாளி பிணமாகிவிட்டாரே என்று ஃபிலேமோன் எடுத்துச் சொன்னார். "சாகறதுக்கு முன்னாடி வாங்கியிருக்கணும்," என்றார் மாஜிஸ்திரேட். பதினாலு நாள் ஜெயில். ஒபெத் அதைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். போகும்போது பழுப்புக் கோட்டை ஃபிலேமோனின் கையில் வைத்தான்.

"வெளிய வந்து வாங்கிக்கறேன். குளிரும், போட்டுக்குங்க அண்ணே."

அந்த அண்ணேயை ஃபிலேமோன் அதற்கு முன் லொகேஷனில் எவர் வாயிலும் கேட்டதில்லை. யாரும் பார்க்காதபடி திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

லெப்டினன்ட் போன பிறகு க்ரோப்லர் அவரை உள்ளே கூப்பிட்டான். கதவைச் சாத்தினான். குரல் தாழ்ந்திருந்தது.

"பையா, நெஜத்தச் சொல்லு. அன்னிக்கு அடுப்புக்கிட்ட நின்னது நீதானா?"

ஃபிலேமோன் அவனை நேருக்கு நேர் பார்த்தார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆறு தட்டில் எதில் எலும்பு அதிகம், எதைத் திருப்பிக் கொடுத்தான் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"நீங்கதான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே பாஸ்."

அன்று க்ரோப்லர் முதல் தடவையாக அவர் முகத்தை முழுசாகப் பார்த்தான். நரைத் தாடி, இடது புருவத்துப் பழைய வெட்டு, எல்லாம் பார்த்தான். அவன் கண்ணில் தெரிந்தது, கிழவரைக் கொன்றவன் இவன்தானோ என்ற பயம். அதற்குப் பிறகு ஃபிலேமோனைத் தனக்குப் பின்னால் நடக்க அவன் விட்டதே இல்லை. ஜீப்பிலும் முன்னால் ஏற்றிக்கொண்டான், அவர் கை தன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி.

கடை கோபஸின் பெயருக்கு வந்தது. புதுப் பெயர்ப்பலகை மாட்டினான், நீலப்பூக் கோப்பைகளும் அவனுக்கே வந்தன. கொலை வழக்குக் கோப்பு துப்புக் கிடைக்கவில்லை என்ற குறிப்போடு அலமாரிக்குப் போனது. சனிக்கிழமை தோறும் க்ரோப்லர் அங்கே காபி குடிக்கப் போவான். ஃபிலேமோன் ஜன்னலுக்கு வெளியே, க்ரோப்லரின் பார்வை படுகிற இடத்தில் நிற்க வேண்டும். அப்படித்தான் உத்தரவு. கோபஸ் காபிக் கெட்டிலோடு மேஜையைச் சுற்றிச் சுற்றி வருவான். க்ரோப்லர் வெளியே நிற்கிற ஃபிலேமோன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், கோபஸுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான்.